சாட்சி சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது, அக்கா?

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி ஒன்பது பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 43. கணவர் ஓர் அச்சகத்தில் 14 வருடம் வேலை செய்தவர். 2022 இல் கடதாசி இறக்குமதி நின்றபோது அச்சகத்தை மூடிவிட்டார்கள். இப்போது நாள் வாடகைக்கு ஓட்டோ எடுத்து ஓட்டுகிறார். இவர் வீட்டில் பிளவுஸும் பாடசாலைச் சீருடையும் தைக்கிறார். மகள் அடுத்த தடவை சாதாரண தரம் எழுதப் போகிறாள், மகன் அவளுக்கு இளையவன். அம்மா கத்தோலிக்கர். இவர் கலியாணத்துக்குப் பிறகு கணவரோடு வெள்ளவத்தைப் பக்கம் ஒரு சுயாதீன சபைக்குப் போய் வருகிறார். புறக்கோட்டை வரை ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதியால் இன்னொரு பஸ்.

"சாட்சி நேரம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது அக்கா" என்கிறார். தாங்கள் பெற்ற ஆசீர்வாதத்தை ஆராதனையில் எழும்பிச் சொல்லும் நேரம் அது. ஒருவருக்குக் கனடா விசா கிடைத்திருக்கும். இன்னொருவர் வத்தளையில் காணி வாங்கியிருப்பார். யாரோ ஒரு பிள்ளைக்கு ஒன்பது ஏ. சபையே கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லும். இவர் கைப்பைக்குள் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொள்வாராம்.

ஜெபக்குழுவை நடத்தும் ஒரு பெண்மணி இவரைத் தனியே அழைத்து, "உங்கள் வீட்டு ஆசீர்வாதத்துக்கு ஒரு தடை இருக்கிறது. மறைந்த பாவமாக இருக்கலாம், தாய்வழிச் சாபமாகவும் இருக்கலாம். வலிக்கிற அளவுக்கு விதைக் காணிக்கை போட்டால் தடை உடையும்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து கழுத்தில் கிடக்கும் மூன்று பவுண் சங்கிலி இவரை உறுத்துகிறது. தாலிக்கொடி போன வருடமே வங்கிக்குப் போய்விட்டது. மிஞ்சியது அம்மா கொடுத்த இந்தச் சங்கிலிதான். இதைச் செட்டியார் தெருவில் அடகு வைத்து, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் காணிக்கையாகப் போட நினைக்கிறார். கணவருக்குத் தெரியாமல்.

இன்னொரு விஷயம், ஆறாம் பக்கத்தில். 2019 உயிர்த்த ஞாயிறன்று அம்மாவோடு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோயில் பூசைக்குப் போவதாக இருந்தார்கள். விடியற்காலை மகனுக்குக் காய்ச்சல். போகவில்லை. அம்மாவின் நெருங்கிய தோழி ஒருவர் போனார், திரும்பி வரவில்லை. "உனக்குக் கிடைத்த ஆசீர்வாதத்தைச் சாட்சியாகச் சொல்லு" என்று எத்தனையோ பேர் கேட்டும் இன்றுவரை வாய் வரவில்லையாம்.

கடைசியில் ஒரு கேள்வி: "காணப்படாத ஆசீர்வாதம், காணப்படாத ஆசீர்வாதம் என்கிறார்களே, அது எங்களைப் போல இல்லாதவர்களின் வாயை அடைக்கச் சொல்வதா?"

தங்கச்சி, அக்கா என்று நீங்கள் அழைத்த உரிமையில் நானும் இப்படியே அழைக்கிறேன். அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், சில நேரம் வாயை அடைக்கத்தான் சொல்கிறார்கள். பசியோடு நிற்கிறவரிடம் "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்புவதால் பிரயோசனம் என்ன என்று யாக்கோபு தன் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். கணவருக்கு நிரந்தர வேலை இல்லாத வீட்டுக்கு வசனத்தை மட்டும் கொடுத்து அனுப்புவதும் அந்த வகைதான். ஆகவே உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காகக் காணப்படாத ஆசீர்வாதம் என்பதே பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாவம், சாபம், தடை

ஜெபக்குழுப் பெண்மணி உங்கள்மேல் அக்கறையில்தான் பேசியிருப்பார். ஆனால் அவர் சொன்ன கணக்கு இயேசுவின் சீஷர்கள் போட்ட அதே பழைய கணக்கு. பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டதும், இது யார் செய்த பாவம், இவன் செய்ததா, பெற்றவர்கள் செய்ததா என்று கேட்டார்கள் (யோவான் 9). இரண்டுமில்லை என்றுதான் பதில் வந்தது. தாய்வழிச் சாபம் பற்றிப் பயப்படுகிறீர்கள். "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்ற பழமொழியை இனி யாரும் சொல்லக் கூடாது என்று கர்த்தர் தடுப்பது எசேக்கியேல் 18இல் இருக்கிறது. ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். உங்கள் அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தியது உங்கள் கணவரின் அச்சகத்தை மூடவில்லை. நாட்டில் டொலர் இல்லை, கடதாசி வரவில்லை. அந்த மாதங்களில் கொழும்பில் பத்திரிகை அச்சிடவும் பாடசாலைப் பரீட்சைத்தாள் அடிக்கவுமே கடதாசி போதவில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

உபாகமம் 28இல் கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம், மீறினால் சாபம் என்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு தேசம் முழுவதோடும் செய்த உடன்படிக்கையின் வார்த்தைகள் அவை. ஒரு குடும்பத்தின் வாடகை நிலுவைக்குக் காரணம் தேட எழுதப்பட்டவை அல்ல. அப்படித் தேடியவர்கள்தான் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள், புத்தகத்தின் கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது அவர்கள்மேல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது இந்த இடத்தில். 2019 ஏப்ரல் 21 கொழும்பில் இருந்த எவருக்கும் அந்தக் காலை மறக்காது. கொச்சிக்கடை, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கூடவே ஹோட்டல்கள், எல்லாவற்றிலும் இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகள். 260க்கு மேற்பட்ட உயிர்கள். அன்று கோயிலுக்குப் போகாமல் தப்பிய பலரோடு நான் பேசியிருக்கிறேன். அவர்களில் அநேகருக்கு உங்களுடைய கூச்சம் இருக்கிறது. நன்றி சொல்ல வாயைத் திறந்தால், செத்தவர்களுக்கு ஆசீர்வாதம் இல்லையா என்ற கேள்வி தொண்டையில் வந்து நிற்கிறது.

அந்தக் கூச்சத்தை விசுவாசக் குறைவு என்று எண்ணுகிறீர்கள். எனக்கு அது அன்பாகத் தெரிகிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், பலியிட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே பிலாத்துவால் கொல்லப்பட்ட கலிலேயர்களைப் பற்றிச் சிலர் வந்து இயேசுவிடம் சொல்கிறார்கள். வழிபாட்டில் இருந்தவர்கள், தங்கச்சி, வழிபாட்டில் இருந்தபோதே. அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அல்லவென்று அவரே சொல்லிவிடுகிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் எடுத்துச் சொல்கிறார். செத்தவர்கள் ஏன் செத்தார்கள் என்பதற்கு அவர் விளக்கம் கொடுக்கவில்லை. இருக்கிற நீங்கள் மனந்திரும்புங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அதனால் இரண்டையும் சேர்த்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மகன் காய்ச்சலில் கிடந்ததற்கு நன்றி சொல்லலாம். அந்த அன்ரிக்காக அழலாம். ஒன்றைச் சொல்ல மற்றதை மறைக்க வேண்டியதில்லை. மைக்கில் சொல்லும் கட்டாயமும் இல்லை, அம்மாவோடு இருந்து சொன்னாலே போதும். அம்மாவுக்கும் அதே பாரம் இருக்கும் என்று நினைக்கிறேன். இத்தனை வருடத்தில் நீங்கள் இருவரும் அந்த நாளைப் பற்றி ஒரு தடவையாவது பேசியதாக உங்கள் ஒன்பது பக்கத்திலும் இல்லை.

சங்கிலி

சங்கிலி உங்களுடையது, அம்மா தந்தது. அதைக் கொடுக்கவும் கொடாமல் வைத்திருக்கவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. சபையில் எவரும் அதற்கு விலை பேச முடியாது. உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

அடகு வைத்துக் கொடுப்பது முதலாவது. மாதா மாதம் வட்டி ஓடும், ஓட்டோ வாடகைக்கும் வீட்டு வாடகைக்கும் நடுவில் அதைக் கட்ட வேண்டும். தவணைக்குள் மீட்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். தங்கத்தின் விலை ஏறியிருப்பதால் இன்றைக்குக் கையில் கிடைக்கும் தொகை பெரிதாகத் தெரியும், ஆனால் திருப்பிக் கட்ட வேண்டியதும் அதே அளவு பெரிதுதான். எல்லாவற்றுக்கும் மேலாகக் கணவர். ஒருநாள் கழுத்தைப் பார்த்துக் கேட்பார். அன்றைக்குத் தடை உடைந்ததா என்று அவர் கேட்க மாட்டார், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றுதான் கேட்பார். வேலை போன ஆண்பிள்ளைக்கு அந்த ஒளிப்பு கடனைவிட அதிகமாக வலிக்கும்.

இருப்பதில் சிறிது கொடுப்பது இரண்டாவது. பவுலின் வாக்கைக் கேளுங்கள்: "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" (2 கொரிந்தியர் 8:12). அடகு வைத்த காசு உள்ளது அல்ல, கடன். அடுத்த அதிகாரத்தில் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல என்று இன்னும் தெளிவாகவே எழுதுகிறார்.

இப்போதைக்கு ஒன்றும் கொடாமல், வீட்டு நிலையைச் சபைக்குச் சொல்வது மூன்றாவது. இதைத்தான் நான் சொல்வேன், இதுதான் உங்களுக்கு ஆகக் கடினம் என்றும் எனக்குத் தெரியும். மல்கியா 3:10ஐக் காட்டி, தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, களஞ்சியத்துக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்றார்களாம். அந்தத் தசமபாகம் என்ன ஆயிற்று என்று உபாகமம் 14இன் கடைசி வசனங்களில் பாருங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தானியமும் மற்ற விளைச்சலும் லேவியரும் பரதேசிகளும் திக்கற்றவர்களும் விதவைகளும் சாப்பிட்டுத் திருப்தியடைவதற்காக ஊரிலேயே வைக்கப்பட்டன. இன்றைக்கு நீங்கள் நிற்பது களஞ்சியத்துக்குக் கொண்டுபோகிறவர்களின் வரிசையிலா, களஞ்சியத்திலிருந்து வாங்குகிறவர்களின் வரிசையிலா? வாங்குகிற வரிசையில் நிற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. சபையில் அச்சகமோ, பொதி கட்டும் தொழிற்சாலையோ நடத்துகிற ஒருவர் இருக்கக்கூடும். உங்கள் கணவருக்கு மிஷின் ஓட்டிய 14 வருட அனுபவம் இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னது?

தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட ஏழை விதவையை நினைத்துக் குழம்பியிருப்பீர்கள். லூக்கா 21இல் அந்தக் காட்சி வருவதற்குச் சற்று முன்னால், 20ஆம் அதிகாரத்தின் முடிவில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்தக் கதை வேறு மாதிரித் தெரியும்.

இடையில் ஓர் உலக விஷயம். கணவரின் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கை எப்போதாவது பார்த்தீர்களா? சம்பளத்தில் 8 வீதம் வெட்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலாளி தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும், அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். மூடிய அச்சகம் எல்லா மாதமும் ஒழுங்காகக் கட்டியதா என்று தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலையை விட்டவர்கள் வயதாகும்வரை காத்திராமல் கோரலாம். சங்கிலியைக் கழற்றுவதற்கு முன் இந்தக் கதவைத் தட்டுங்கள். காணப்படாத ஆசீர்வாதம் சில நேரம் இப்படி இலக்கம் போட்ட கோப்பிலும் கிடக்கும்.

கீழ்நூல்

இரண்டாம் பக்கத்தில் தையலைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். "பொபினில் நூல் தீர்ந்தது தெரியாமல் ஒரு முழத்துக்கு மேல் தைத்துவிட்டேன் அக்கா, துணியை எடுத்துப் பார்த்தால் வெறும் ஓட்டை." மனம் ஒரு நிலையில் இல்லை என்று காட்டத்தான் எழுதினீர்கள். எனக்கு அந்த வரி மனதில் தங்கிவிட்டது. மிஷின் சத்தம் போடுகிறது, ஊசி ஏறி இறங்குகிறது, மேல்நூலும் கண்முன்னே ஓடுகிறது. பொபினில் இருக்கும் கீழ்நூல் இருந்தால்தான் தையல் பிடிக்கும், ஆனால் இருக்கிறவரை அதை யாரும் பார்ப்பதில்லை.

2022 மார்ச்சில் கொழும்பு முழுவதுக்கும் பொபின் தீர்ந்தது. 13 மணித்தியாலம் மின்வெட்டு. காஸ் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டு இணைத்து வரிசையில் வைத்துவிட்டு இரவில் காவல் இருந்தோம். அதற்கு முன்னால், சுவிட்சைப் போட்டதும் லைட் எரிந்ததற்காக நான் ஒருநாளும் ஸ்தோத்திரம் சொன்னதில்லை. நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். சரி, லைட் வந்தது, அதையும் மறந்துவிட்டோம். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று சங்கீதக்காரன் தன் ஆத்துமாவைப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது இதனால்தானோ என்னவோ.

வேதத்தில் பெரும்பாலும் ஆசீர்வாதத்தை அடையாளம் கண்டது அதைக் கடந்து வந்த பிறகுதான். ஆதியாகமத்தில் வரும் யாக்கோபு வீட்டைவிட்டு ஓடுகிறவன், கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தவன். காலையில் எழும்பித்தான் "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்" என்றான். வனாந்தரத்தில் 40 வருடம் நடந்த ஜனத்துக்கு மோசே கடைசியில் எடுத்துக் காட்டியது என்ன? வஸ்திரம் பழையதாய்ப் போகவில்லை, கால் வீங்கவில்லை. இதையெல்லாம் யார் சாட்சி நேரத்தில் எழும்பிச் சொல்வார்கள்!

இனி ஏழாம் பக்கம். அங்கே "மற்றவர்கள் போடும் சோற்றில் வாழும் நிலை வந்தது" என்று அவமானமாக ஒன்றை எழுதியிருக்கிறீர்கள். காஸ் இல்லாத அந்த வாரம், மேல்வீட்டு முஸ்லிம் குடும்பம் மண்ணெண்ணெய் அடுப்பில் தங்களுக்கு ஆக்கிய சோற்றில் ஒரு சட்டியைப் பருப்போடு உங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்ததாம், நான்கு நாள். அதே குடும்பத்தோடு 2019க்குப் பிறகு நீங்கள் ஒரு வருடத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. அவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள் என்று தெரிந்தும் பேச முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் வேறு வேறு பக்கத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது போல வைத்திருக்கிறீர்கள். நான் பக்கத்தைத் திருப்பியபோது எனக்கு மேலே படிக்க முடியவில்லை, எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

தீர்க்கதரிசி எலிசாவின் வேலைக்காரன் கண் திறந்து அக்கினிக் குதிரைகளையும் இரதங்களையும் கண்டதைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம். 2 இராஜாக்கள் 6இல் அந்தக் கதை எதில் முடிகிறது என்று யாரும் அதிகம் சொல்வதில்லை. எலிசாவைப் பிடிக்க வந்த எதிரிப் படையினருக்கு விருந்து வைத்து அனுப்புவதில் முடிகிறது. உங்கள் மாடிப்படியில் இறங்கி வந்த சோற்றுச் சட்டிக்கு என்ன பெயர் என்று நான் சொல்லப் போவதில்லை. பெயர் வைக்க வேண்டியது நீங்கள். அது அவமானம்தான் என்று உங்களுக்குத் தோன்றினால் நான் வாதாட மாட்டேன்.

இதற்காக நன்றிப் பட்டியல் எழுதுங்கள் என்றும் சொல்லப் போவதில்லை. மனம் சோர்ந்த நேரத்தில் அந்தப் பட்டியலும் ஒரு வீட்டுப்பாடமாகிவிடும். வேண்டுமானால் 2022இல் ஒரே ஒரு நாளை எடுங்கள். அன்று யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டீர்கள், யார் காசு கேட்காமல் கொப்பியில் எழுதிக்கொண்டார் என்று மகளோடு சேர்ந்து ஞாபகப்படுத்திப் பாருங்கள். பிள்ளைகளுக்கு நாம் மறந்தது ஞாபகம் இருக்கும்.

ஒரு விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வருகிறது, பிறகு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்கிறீர்கள். ஜெபிக்கக் கர்த்தர் எழுப்புகிறார் என்று சபையில் சொன்னார்களாம். இருக்கலாம். அதோடு வைத்தியரையும் பாருங்கள். தேசிய வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனால் காசு செலவில்லை. பேச யாராவது வேண்டும் என்றால் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்ற எலியாவுக்கு முதலில் கிடைத்தது நித்திரையும் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். உபதேசம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்புறம், சாட்சி நேரம். கைப்பைக்குள் தேட வேண்டாம். மனம் வந்தால் ஒருநாள் எழும்பி, "இவருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இம்மட்டும் கர்த்தர் உதவி செய்தார். எங்களுக்காக ஜெபியுங்கள்" என்று சொல்லிவிட்டு அமருங்கள். சாமுவேல் கல் நாட்டிச் சொன்னதும் அவ்வளவுதான், அதில் "இம்மட்டும்" என்றுதான் இருக்கிறது. யாரும் கைதட்டாமல் போகலாம். பின் வரிசையில் குனிந்துகொண்டிருக்கும் இன்னொருத்தி நிமிர்ந்து பார்ப்பாள்.

போன புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைத் தையல் மிஷினில் ஒட்டி வைத்திருப்பதாகவும், வருடம் முடியப் போகிறது, ஒன்றும் நடக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அட்டையில் இருப்பது ஆதியாகமம் 12:2இன் கடைசி வரி: "நீ ஆசீர்வாதமாய் இருப்பாய்." எட்டாம் பக்கத்தில், ஜனவரியில் பக்கத்துத் தோட்டத்துச் சிறுமிக்கு இரண்டு வெள்ளைச் சீருடை தைத்துக் கொடுத்தீர்கள், தகப்பன் இல்லாத பிள்ளை என்று காசு வாங்கவில்லை, அதனால் அந்த மாதம் லைட் பில் கட்டப் பிந்தியது என்று கணக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சீருடையைத் தைத்தபோதும் அட்டை அதே மிஷினில்தான் ஒட்டியிருந்தது, இல்லையா?

கிளினிக்குக்குப் போய் வந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். கணவரிடம் சங்கிலி விஷயத்தைச் சொன்னீர்களா என்பதையும்.